கல்யாண முருங்கையில் விழுந்த வெட்டு

எங்கள் தெருவில் முதல் மரம் வாடியபோது அது பூச்சியின் வேலையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பூச்சிகளைப் பற்றி எனக்குத் தெரியும் என்ற நினைப்புதான் அதற்குக் காரணம்.

கடலூரில் கெடிலம் ஆற்றுக்கு வடக்கே, முன்பு கரும்பு நிலமாக இருந்த இடத்தில் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். புது மனைப்பிரிவு. நிழல் என்று சொல்ல மின்கம்பத்து நிழல்தான் உண்டு. நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். தினமும் காலையில் பஸ் பிடிக்க அந்த வெயிலில் தெருவின் முழு நீளத்தையும் நடக்க வேண்டும். இரண்டாயிரத்து எட்டாம் வருடம், மழைக்கு முன்னால், தெருவில் உள்ளவர்களைக் கூட்டி மரம் வைக்கலாம் என்று சொன்னது நான்தான். மேல்பட்டாம்பாக்கம் போகும் வழியில் ஒரு நர்சரி இருந்தது. அங்கிருந்து பதினான்கு கல்யாண முருங்கைக் கன்றுகள் வாங்கி வந்தோம். பச்சை இலையில் மஞ்சள் நரம்பு ஓடும் அழகு ரகம்.

அன்றைக்கு எதிர்த்துப் பேசியவர் ஒரே ஆள்தான். முனை வீட்டுக்காரர். எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துக்கொண்டு, எங்கள் பக்கத்து நாலைந்து தெருக்களுக்குக் கேபிள் டிவியும் கொடுத்துவந்தார். என்னைவிட நாலு வயது சின்னவர். என்னை அக்கா என்றும் என் வீட்டுக்காரரை மாமா என்றும் கூப்பிடுவார்.

"அக்கா, மேல என் வயரு போவுது. நாளைக்கி கெள மோதி அறுந்துச்சின்னா யாரு பொறுப்பு?" என்றார்.

"கெளய வெட்டி விட்டுக்கலாம்" என்றேன்.

"யாரு வெட்டுறது? நான்தான் ஏணி போட்டு ஏறணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுக் குழி தோண்ட வந்தார். ஆனால் அந்தப் பேச்சு என் மனதில் தங்கிவிட்டது.

முதல் வருடம் கன்றுகளுக்கு வந்த எல்லாத் தொல்லைகளையும் நானே பார்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோவிலிலிருந்து வந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு வாளியோடு இறங்கிவிடுவேன். இலையைப் பீடி மாதிரி சுருட்டி உள்ளே படுத்திருக்கும் பச்சைப் புழுவைக் கையாலேயே நசுக்குவேன். தளிரில் அசுவினி அப்பியிருந்தால் வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து தெளிப்பேன். வெள்ளை மாவுப்பூச்சி வந்த கிளைகளை வெட்டி எடுத்துவிடுவேன். எறும்பு வரிசையாக ஏறினால் மேலே மாவுப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம், இலை கறுத்துப் பிசுபிசுத்தால் அதற்கும் மேலே உள்ள கிளையைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் பழகிப்போனது. தெருவில் என்னைப் 'பூச்சி டாக்டர்' என்று கேலி செய்தார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம் ஆவணி கடைசியில், எங்கள் வீட்டிலிருந்து ஆறு வீடு தள்ளி நின்ற கன்று திடீரென்று வாடியது. என் உயரத்தைத் தாண்டி வளர்ந்த கன்று. இலையெல்லாம் தொங்கிப்போய்விட்டது. புழு இல்லை, மாவு இல்லை, எறும்பு இல்லை. கீழே குனிந்து தண்டைத் தடவியபடி வந்தேன். நெஞ்சு உயரத்தில் விரல் நின்றது. பட்டையில் சுற்றிவர ஒரு வெட்டு. தண்டைச் சுற்றி மோதிரம் போட்டது போல, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்திருந்தது. உள்ளே வெள்ளைக் கட்டை தெரிந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது, வயரின் மேல்தோலைச் சீவி எடுக்கும் விதம்தான். கத்தியை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் இப்படித்தான் வெட்டு விழும்.

பூச்சி கடித்தால் ஓட்டை விழும், சுரண்டல் இருக்கும், எச்சம் இருக்கும். இவ்வளவு ஒழுங்காக எந்தப் பூச்சியும் வெட்டாது என்று என் அனுபவம் சொன்னது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மின்வாரியத்தில் வேலை. எதையும் சட்டென்று நம்பமாட்டார்.

"ஒரு மரத்த வெச்சி ஒரு ஆள சொல்லாத" என்றார்.

பதினைந்து நாளில் இரண்டாவது மரம், ஐப்பசி மழைக்குள் மூன்றாவது. மூன்றும் கேபிள் போகும் பக்கத்தில். "இப்ப என்னா சொல்றீங்க?" என்று கேட்டேன். "கம்பம் இருக்குற பக்கத்துலதான மரமே ஜாஸ்தி" என்றார். அது உண்மைதான். பதினான்கில் ஒன்பது அந்தப் பக்கம் இருந்தன. ஆனால் அன்றைக்கு அவர் ஏன் அந்த ஆளுக்காகப் பேசுகிறார் என்றுதான் யோசித்தேன்.

வாடிய தண்டுகளை வளையத்துக்குச் சற்றுக் கீழே வெட்டி எடுத்தேன். தூக்கிப் போடவில்லை. ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய சீட்டைக் கட்டி, கோணிப்பையில் போட்டு, மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். ஒருநாள் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கும்போது காட்டுவதற்குச் சாட்சி வேண்டும். அலுவலகத்தில் கோப்பு பராமரிக்கும் புத்தி இங்கும் வேலை செய்தது.

அதற்குப் பிறகு என் கண்ணுக்கு அவரைத் தவிர எதுவும் தெரியவில்லை. அவர் எந்தக் கம்பத்தில் எப்போது ஏணி சாய்க்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று ஜன்னலிலிருந்து பார்ப்பேன். டைரியின் பின்பக்கத்தில் குறித்துவைப்பேன். ஒருமுறை அவர் வீட்டு வாசலிலேயே, அவர் மனைவி ஆசையாக வைத்திருந்த காகிதப்பூச் செடியில் ஒரு கிளை காய்ந்து தொங்கியது. அதிலும் அதே வளையம். பார்த்துவிட்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தன்மேல் சந்தேகம் வரக் கூடாது என்று தன் செடியிலும் ஒரு வெட்டுப் போட்டிருக்கிறார், பலே ஆள்!

அவர் கத்தியைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒரு சனிக்கிழமை டிவிக்குப் பின்னால் கையை விட்டுக் கேபிளைத் தளர்த்திவிட்டு, படம் வரவில்லை என்று கூப்பிட்டனுப்பினேன். வந்தார். பின்னால் பார்த்ததும், "லூஸா இருக்குதுக்கா, எலி கிலி இழுத்திருக்கும்" என்று சொல்லிப் பையைத் திறந்தார். நான் காபி கொடுக்கும் சாக்கில் குனிந்து கத்தியைப் பார்த்தேன். சின்ன மடக்குக் கத்தி. அலகின் ஓரத்தில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"என்னா இது, பச்சையா?"

"பழைய காப்பர் வயரு சீவுனா இப்படித்தான் பாசி மாதிரி புடிக்கும்" என்று சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அந்தத் துடைப்பையும் டைரியில் எழுதினேன்.

மார்கழியில் தெருக்கூட்டம் நடந்தது. சாக்கடை பற்றிப் பேசக் கூடியது. நான் கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு போய் எல்லோர் முன்னாலும் மூன்று தண்டுகளையும் வைத்தேன். "இது பூச்சி இல்ல. கத்தி. இந்த மாதிரி வெட்டத் தெரிஞ்ச கை இந்தத் தெருவுல யாருக்கு இருக்குதுன்னு நீங்களே பாருங்க" என்றேன். பெயர் சொல்லவில்லை. எல்லோருடைய முகமும் ஒரே பக்கம் திரும்பியது.

அவர் முதலில் புரியாமல் சிரித்தார். பிறகு எழுந்து நின்றார். "அக்கா, என்னையா சொல்றீங்க?"

நான் தண்டுகளை மறுபடி கோணிப்பைக்குள் போடத் தொடங்கினேன்.

"நாளைக்கே திருவந்திபுரம் வர்றேன். பெருமாள் முன்னாடி கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்றேன். நீங்களும் வாங்க."

"சத்தியம் பண்றவுங்க எல்லாம் உண்மையத்தான் சொல்றாங்களா?" என்றேன்.

அவர் மனைவி அதுவரை ஓரமாக நின்றிருந்தார். என்னிடம் வந்து, "உங்க சாமி முன்னாடி வேணாலும் வர சொல்லுங்க, அவரு வருவாரு. நம்பலன்னா யாரு முன்னாடி நின்னு என்னா?" என்று சொல்லிவிட்டுக் கணவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரத்திலிருந்து அவர் என்னை 'மேடம்' என்றார். என் வீட்டுக்காரரை மட்டும் மாமா என்றே கூப்பிட்டார். ஏணியோடு வந்தால் இரண்டு வீட்டு ஆட்களைச் சாட்சிக்கு நிற்கவைத்துவிட்டுத்தான் ஏறுவார். தெருவில் சிலர் கேபிளை விட்டுவிட்டு மொட்டை மாடியில் டிஷ் வைத்துக்கொண்டார்கள். அதற்கு என் பேச்சு எவ்வளவு காரணம், புது மோகம் எவ்வளவு காரணம் என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பெண் என்னிடம் வந்து, "கத்தி வெச்சிருக்குற ஆள வூட்டுக்குள்ள எப்படி வுடுறது?" என்றபோது நான் மறுக்கவில்லை.

அதற்குப் பின் பல மாதம் ஒரு மரத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெட்டிய மரங்கள்கூட வளையத்துக்குக் கீழே துளிர்த்துவந்தன. "பாத்தீங்களா, கேட்டதும் நின்னுடுச்சி" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

இரண்டாயிரத்துப் பத்தில் மறுபடியும் ஆவணி வந்தது. எங்கள் வாசலில் நின்ற மரம் வாடியது. ஒரு வாரத்தில் பக்கத்து வீட்டு மரம், அதற்கு அடுத்து எதிர் வீட்டு மரம். எல்லாம் எங்கள் வீட்டைச் சுற்றியே. போன வருடம் தெருக்கோடியில் இருந்த வெட்டு இப்போது என் வாசலுக்கு வந்துவிட்டது. வஞ்சம் தீர்க்கிறார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதே நினைப்பு. புவனகிரி தாண்டியது தெரியாமல் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு வாரம் அவர் குடும்பத்தோடு மங்கலம்பேட்டைக்குப் போயிருந்தார். மாமனார் வீட்டில் ஒரு சாவு. வீடு பூட்டிக் கிடந்தது. அந்த நாட்களில் ஒரு காலையில், முந்தின நாள் நன்றாக இருந்த மரத்தில் புது வளையம் பார்த்தேன். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டியது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இல்லை. ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து யாரையோ ஏவிவிட்டிருக்கிறார் என்று முடிவு செய்தேன்.

அவர் திரும்பிவந்த மூன்றாம் நாள் காலை. நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றார். கையில் ஊறுகாய் பாட்டில். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தது.

"மேடம், இத பாருங்க."

உள்ளே ஒரு வண்டு. ஒரு அங்குலம் இருக்கும். மரப்பட்டையின் சாம்பல் நிறம். நீளமான மீசை இரண்டு. முதுகு ஓட்டின்மேல் கண் வரைந்தது போல் ஒரு புள்ளி.

"எங்க வூட்டு காகிதப்பூவுல புடிச்சேன். வெட்டு இருக்குல்ல, அதுக்கு மேல ஒரு சாண் தள்ளி பட்டையோட பட்டையா ஒட்டிக்கினு இருந்துச்சி. கை வெக்கிற வரைக்கும் அசையல. மூணு நாளா விடிஞ்சதும் ஒவ்வொரு செடியா தடவிப் பாத்துக்கினு இருக்கேன்."

"இது எங்க வேணா கெடைக்கும். வெறகுல இருக்கும்" என்றேன்.

அவர் பாட்டிலைக் கேட்டுக்குப் பக்கத்தில் மதில்மேல் வைத்துவிட்டு, "நான் சொன்னா நம்ப மாட்டீங்க. படிச்சவங்க யாரையாச்சும் கேளுங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

பாட்டிலை எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் எடுத்தேன். எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சரின் நாத்தனார் சிதம்பரத்தில் பூச்சியியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மதிய இடைவேளையில் பாட்டிலோடும், புதிதாக வெட்டிய ஒரு தண்டோடும் அவரைப் போய்ப் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், கண்ணாடி போட்டவர். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"தண்ட வளையமா அறுக்குற வண்டுங்க. ரோஜா, திராட்சை, காகிதப்பூ, எதையும் விடாது."

"வண்டா? கத்தியால வெட்டுன மாதிரி இருக்குதே!"

"அதோட பல்லு அப்படி. சுத்திவர அறுத்துட்டு, மேல் பாகம் காய ஆரம்பிச்சதும் பட்டைக்குள்ள முட்ட வெக்கும். காஞ்ச கட்டைதான் புழுவுக்குச் சாப்பாடு."

நான் நம்பாத முகத்தைக் காட்டியிருக்க வேண்டும். "நாளைக்கி வாங்க, காட்டுறேன்" என்று ஒரு பச்சைக் குச்சியோடு வண்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டார். மறுநாள் மதியம் போனேன். குச்சியில் முக்கால் வளையம் விழுந்திருந்தது. அடியில் பொடிப்பொடியாக மரத்தூள்.

"காஞ்ச கெளையெல்லாம் எரிச்சிட்டீங்கல்ல?" என்று அவர் கேட்டார். "அதுதான் முக்கியம். வளையத்துக்குக் கீழ வெட்டி ஒடனே எரிச்சிடணும். இல்லன்னா அதுக்குள்ள புழு எட்டு ஒம்பது மாசம் வளந்து, அடுத்த மழை சீசனுக்கு வண்டா வெளிய வரும்."

"எரிச்சிட்டேன்" என்று பொய் சொன்னேன்.

அன்றைக்கு பஸ் கடலூர் வந்து சேரும் வரையிலான நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும். வீட்டுக்குள் போனதும் கைப்பையைக்கூட வைக்காமல் படிக்குக் கீழே போய்க் கோணிப்பையை இழுத்தேன். அடியிலிருந்து மாவு மாதிரித் தூள் கொட்டியது. தண்டுகளை வெளியே எடுத்தேன். நான் எழுதிக் கட்டிய தேதிச் சீட்டுகள் அப்படியே இருந்தன. பென்சில் நுழையும் அளவுக்கு வட்ட ஓட்டைகள். ஒரு தண்டை உடைத்தேன். உள்ளே குடைந்த பாதை காலியாக இருந்தது. இன்னொன்றில் ஒரு வண்டு வெளியே வர முடியாமல் செத்து ஒட்டியிருந்தது.

ஏன் இந்த வருடம் எங்கள் வாசலைச் சுற்றியே வெட்டு விழுந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. ஒரு வருடம் முழுக்க அந்த வண்டுகளை வீட்டுக்குள் வைத்து வளர்த்தவள் நான். நடுவில் எல்லாம் ஓய்ந்திருந்ததும் அவர் பயந்து நிறுத்தியதால் அல்ல. புழுக்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "சொன்னேன்ல" என்று அவர் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மண்ணெண்ணெய் கேனை எடுத்துக்கொண்டு போய்க் காலிமனையில் பையோடு கொளுத்தினார்.

நான் முனை வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைப் பாதி திறந்து நின்றார், உள்ளே வரச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னாலிருந்து முனை வீட்டுக்காரர் வந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோணிப்பையைச் சொன்னேன். ஆராய்ச்சிப் பெண்ணிடம் பொய் சொன்னதைச் சொன்னேன். கேபிளை நானே தளர்த்தி வரவழைத்ததையும் சொன்னேன். அதைச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது.

"அன்னிக்கி காபி குடுத்தீங்க" என்றார்.

"ஆமாம்."

"நான் எலின்னு நெனச்சி மறுநாள் புது கிளிப்பு கொண்டாந்து போட்டேன். ஒரு தடவ என்ன தனியா கூப்புட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "இங்க சொன்னா என்னா பிரயோஜனம், அங்க சொல்லுங்க" என்று அவர் மனைவி தெருவைக் கைகாட்டினார்.

அடுத்த ஞாயிறு எல்லோரையும் மறுபடி கூட்டினேன். குற்றம் சொன்னபோது தடுமாறாத குரல், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்போது இரண்டு இடத்தில் உடைந்தது. வண்டைக் காட்டினேன். விடிந்ததும் தண்டைத் தடவிப் பார்க்க வேண்டும், வண்டைப் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும், வாடிய கிளையை அன்றே எரிக்க வேண்டும் என்று சொன்னேன். கேட்டவர்களில் சிலருக்கு ஏமாற்றம்தான். ஒருவர் என்னிடம் தனியாக வந்து, "வண்டு வெட்டுதுதான், இருந்தாலும் அவுரு மேல எனக்கு ஒரு டவுட்டு உண்டுங்க" என்றார். நான் பற்றவைத்தது என் கண் முன்னாலேயே எரிந்துகொண்டிருந்தது. டிஷ் வைத்த வீடுகளில் ஒன்றுதான் கேபிளுக்குத் திரும்பியது.

அந்த மழைக்காலம் முழுக்க ஒவ்வொரு காலையும் பதினான்கு மரங்களையும் தடவினோம். ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் அவர் மனைவி. பேசிக்கொள்ள மாட்டோம். பிடித்த வண்டுகளை அவர் தன் வாளியில் போடுவார், நான் என் வாளியில். அடுத்த வருடம் இரண்டே இரண்டு வளையங்கள்தான் கண்ணில் பட்டன.

பிறகு இரண்டாயிரத்துப் பதினொன்றின் கடைசியில் புயல் வந்தது. விடிந்து பார்த்தால் தெருவில் நிமிர்ந்து நின்றது அதிகமில்லை. கம்பங்கள் சாய்ந்துவிட்டன. அவருடைய வயரெல்லாம் சேற்றில் கிடந்தது. மென்மையான கட்டை கொண்ட எங்கள் மரங்கள் பத்து முறிந்து விழுந்தன. மின்சாரம் வர வாரக்கணக்கானது. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனவர் வீட்டுக்கு வருவதே அரிதாக இருந்தது. அந்த நாட்களில் முனை வீட்டுக்காரர்தான் தெருவில் விழுந்த மரங்களை ஒவ்வொன்றாக அறுத்து வழி ஏற்படுத்தினார். அவர் அறுத்த துண்டுகளை நான் ஓரமாக இழுத்துப் போட்டேன்.

"காயறதுக்குள்ள எரிச்சிடலாமா?" என்று கேட்டேன்.

"நல்ல கொம்ப மட்டும் எடுத்து வைங்க, போத்தா நடலாம்" என்றார். "ஆனா இந்த தடவ வயரு இல்லாத பக்கம்."

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் எதிர்ப்பக்கத்தில் எட்டுப் போத்துகள் நட்டோம். எங்கே எவ்வளவு தள்ளி என்று குச்சி அடித்து இடம் குறித்தது அவர். நான் மறுத்துப் பேசவில்லை. எட்டில் ஆறு பிடித்துக்கொண்டது. அவர் என்னை இன்னும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். அதில் கோபம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை, பழகிவிட்டது. அக்கா என்று கூப்பிடச் சொல்லிக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்பதால் நானும் கேட்டதில்லை.